வீடும் போச்சு... வரியும் வந்தாச்சு!
அமெரிக்காவில் கடன் தள்ளுபடிக்குப் பின்னால் வரும் தலைவலி

"மீதி கடன் தள்ளுபடி. இனி ஒரு டாலர்கூட கட்ட வேண்டாம்" என்று வங்கி சொன்னால் யாருக்கும் "அப்பாடா" என்றுதான் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் அதற்குப் பிறகுதான் அடுத்த தலைவலி ஆரம்பம். தள்ளுபடியான தொகையை அந்நாட்டு வருமான வரித்துறை வருமானமாக கணக்கில் வைக்கிறது.

கையில் ஒரு பைசா வரவில்லையே, அது எப்படி வருமானம்? வரித்துறை சொல்லும் கணக்கு இதுதான். கடன் வாங்கியபோது பணம் கைக்கு வந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் என்பதால் அன்று வரி இல்லை. இப்போது திருப்பித் தர வேண்டாம் என்றால் அது உங்க பணம்தானே, வரியைக் கட்டு என்கிறார்கள். 1931-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் ஒரு மரக் கம்பெனி வழக்கில் இதே வழியில் தீர்ப்பு சொன்னது.

ஒரு உதாரணம். வீட்டுக்கடன் பாக்கி 3 லட்சம் டாலர். வீட்டு விலை சரிந்து 2 லட்சத்துக்குத்தான் போகிறது. வங்கி சம்மதித்து விற்று, மீதி 1 லட்சத்தை தள்ளுபடி செய்கிறது. 22 சதவீதம் என்று வைத்தாலே வரி 22 ஆயிரம் டாலர். வீட்டையே இழந்தவர் இதற்கு எங்கே போவார்?

2007-ல் வீட்டுக்கடன் நெருக்கடி வெடித்தபோது இந்தக் கேள்விதான் எழுந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 20-ந்தேதி அதிபர் புஷ் விலக்கு சட்டத்தில் கையெழுத்து போட்டார். 20 லட்சம் டாலர் வரை வரி இல்லை. பலமுறை நீட்டிக்கப்பட்ட இந்த சலுகை, 2021 முதல் 7½ லட்சம் டாலராக குறைக்கப்பட்டது.

அதிலும் நிபந்தனை உண்டு. குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும். வீடு வாங்க, கட்ட, பெரிதாக புதுப்பிக்க வாங்கிய கடனாக இருக்க வேண்டும். வீட்டை வைத்து கடன் எடுத்து கார் வாங்கினாலோ, கிரெடிட் கார்டு பாக்கியை அடைத்தாலோ அந்தப் பணத்துக்கு விலக்கு கிடையாது. வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் இல்லை.

சட்டம் வைத்த கெடு 2025 டிசம்பர் 31. அதற்குள் எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தால், தள்ளுபடி பிறகு நடந்தாலும் விலக்கு கேட்கலாம்.

கெடு தவறியவர்களுக்கு வேறு வழி? இருக்கிறது. தள்ளுபடிக்கு முன் சொத்தைவிட கடன் அதிகம் என்று காட்டினால், அந்த வித்தியாசம் வரை வரி இல்லை. சொத்து 2½ லட்சம், கடன் 3 லட்சத்து 20 ஆயிரம் என்றால் 70 ஆயிரம் டாலர் தப்பும். மீதி 30 ஆயிரத்துக்குத்தான் வரி. இந்த விலக்கு தானாக வராது. 982 என்ற படிவத்தை நிரப்பித் தர வேண்டும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 600 டாலருக்கு மேல் தள்ளுபடி செய்தால் வங்கி '1099-சி' என்ற படிவம் அனுப்பும். அதன் நகல் வரித்துறைக்கும் போகும். பழைய கடன் காகிதம்தானே என்று மூலையில் போட்டால், நோட்டீஸ் வீடு தேடி வரும். சொந்த வீடு போய், வாடகை வீட்டில் இருந்தாலும் வரும்!