சாலைகள் நீள்கின்றன, நகரில் யார் வாழ்வது?

விடியற்காலை ஐந்தரை மணி. கிள்ளானில் ஒரு தாமானில் தரை வீடொன்றின் கதவு திறக்கிறது. மகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. எட்டு மணிக்கு விரிவுரை. தந்தை அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்று கம்யூட்டர் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுத் தம் வேலைக்குப் போகிறார். அவள் ரயிலேறி, அப்துல்லா ஹூக்கூமில் எல்.ஆர்.டி.க்கு மாறி, யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கி, வளாகப் பேருந்துக்குக் காத்து நிற்கிறாள். வீட்டுக்கும் வளாகத்துக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். போகவும் வரவும் ஒரு நாளில் மூன்று, நான்கு மணி நேரம் கரைந்துவிடுகிறது. இதை வாசிக்கும் நண்பர்களில் பலருக்கு இது கதையன்று; நேற்றைய காலைப் பொழுது.

இதற்கு என்ன தீர்வு என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "இன்னொரு சாலை போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். அல்லது "முதலில் ஒரு கார் வாங்கு" என்பார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் கடந்த அரை நூற்றாண்டாக அரசும் மக்களும் நம்பி வந்த மருந்து இதுதான். அந்த மருந்து நோயைத் தீர்த்ததா, வளர்த்ததா என்பதே என் கேள்வி.

தோட்டம் தாமானாகிய கதை

புறநகர் வளர்ச்சி என்பது தமிழர்களாகிய நமக்கு வெறும் திட்டமிடல் பாடம் அன்று. அது நம் குடும்ப வரலாறு. 1950களில் கோலாலம்பூரின் நெருக்கடியைக் குறைக்க எழுப்பப்பட்ட பெட்டாலிங் ஜெயா, எஃபிங்காம் ரப்பர் தோட்டம் இருந்த நிலம். சுபாங் ஜெயா, சீஃபீல்ட் தோட்டம். 1978-இல் சிலாங்கூரின் தலைநகரமான ஷா ஆலாம், சுங்கை ரெங்கம் தோட்டம். புத்ராஜெயா, பிராங் பெசார் முதலிய தோட்டங்கள். மரம் வெட்டிய கையும் பால் எடுத்த கையும் நம் தாத்தா பாட்டிகளுடையவை. அந்த மண்ணில் நகரம் எழுந்தபோது அவர்களில் பெரும்பாலோர்க்கு அதில் இடம் இல்லை. புத்ராஜெயாவுக்கு வழிவிட்ட தோட்டத் தொழிலாளர்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டு, ஒரு தரை வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் போராடியதை நாம் அறிவோம்.

ஆயினும் புறநகரைப் பழிப்பது என் நோக்கமன்று. லயத்து வீடு முதலாளியுடையது. வேலை போனால் கூரையும் போகும். அப்படி வாழ்ந்த குடும்பத்துக்குக் கிள்ளானிலோ ரவாங்கிலோ தன் பெயரில் பட்டாவோடு கிடைத்த ஒரு வீடு எத்தனை பெரிய விடுதலை! வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி, பக்கத்தில் தமிழ்ப்பள்ளி, தெருக்கோடியில் கோயில் என்று நாம் வேர்விட்ட இடங்கள் அவை. கிள்ளானின் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டின் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றாய் நிற்பதும் அந்த வேரின் பலத்தால்தான். புறநகரில் வீடு கட்டியது தவறில்லை. வீட்டை அங்கே வைத்து, வேலையையும் கல்வியையும் வேறிடத்தில் வைத்து, நடுவில் காரை மட்டும் நம்பச் சொன்னதுதான் தவறு.

சாலை பெருகியது, நெரிசல் குறைந்ததா?

கூட்டரசு நெடுஞ்சாலை ஒன்றுதான் வழி என்றிருந்த காலம் போய், 1990-இல் புதிய கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை வந்தது. 1999-இல் டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலை, 2001-இல் ஸ்பிரிண்ட், 2009-இல் டியூக், 2022-இல் சுகே, டாஷ் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றும் திறக்கப்பட்டபோது நெரிசல் குறையும் என்றுதான் சொன்னார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல் சாவடிகள் 2018 ஜனவரி முதல் நாளோடு நீக்கப்பட்டன. சில்லறை மிச்சமானது உண்மை. மாலை ஆறு மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். நேரம் மிச்சமானதாகத் தெரியவில்லை.

இதற்குக் காரணம் புதிரன்று. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஆந்தனி டவுன்ஸ் 1962-லேயே இதை விளக்கினார். புதிய சாலை திறந்ததும் பயண நேரம் குறைகிறது. நேரம் குறைந்ததைக் கண்டு, முன்பு ரயிலில் போனவர் காரை எடுக்கிறார். முன்னே பின்னே புறப்பட்டவர் அதே நேரத்துக்கு வருகிறார். மேம்பாட்டாளர் இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளிப் புதிய தாமான் கட்டுகிறார். சில ஆண்டுகளில் சாலை பழையபடி நிரம்பிவிடுகிறது. பிறகு அடுத்த சாலை கேட்கிறோம்.

நம் சொந்தக் கணக்கும் இதையே சொல்கிறது. கோலாலம்பூரில் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தியோர் விகிதம் 1985-இல் சுமார் 34 விழுக்காடு. 1997-இல் அது சுமார் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2004-இல் வெளியான கோலாலம்பூர் 2020 கட்டமைப்புத் திட்டம் அதை 60 விழுக்காட்டுக்கு உயர்த்த இலக்கு வைத்தது. 2020 வந்து போனது, இலக்கு எட்டப்படவில்லை. நகரத்தின் மக்கள்தொகை 22 லட்சமாகும் என்று எதிர்பார்த்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 20 லட்சத்தைத் தொடவில்லை. அதே கணக்கெடுப்பில் சிலாங்கூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 70 லட்சம். நகரத்தில் வீட்டு விலை தாங்காமல் மக்கள் வெளியேறுவதை அந்தத் திட்டமே ஒப்புக்கொண்டிருந்தது.

இதற்கு விலை கொடுப்பவர் யார்? இரண்டு கார் வைத்திருக்கும் வீடு எப்படியோ சமாளித்துவிடும். கார் வாங்க முடியாதவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஓட்டத் தெரியாத அம்மாக்களும் வயதானவர்களும் வீட்டிலேயே அடைபடுகிறார்கள். மாணவர்களோ படிக்க வேண்டிய நேரத்தை நிலையங்களில் தொலைக்கிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் சொல்லும் பாடம்

சாலைக்குப் போடும் பணத்தை நகர மையத்துக்குத் திருப்பினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. பிரிக்பீல்ட்ஸ் அதற்குச் சான்று. செங்கல் சூளைகளாலும் ரயில்வேயாலும் பிறந்த ஊர் அது. ரயில்வேயில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களும் எழுத்தர்களாய் வந்த யாழ்ப்பாணத் தமிழர்களும் அங்கே குடியிருந்தார்கள். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலும் விவேகானந்த ஆசிரமமும் அவர்கள் காலத்துச் சுவடுகள். அங்கே முதலீடு வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பழைய ரயில்வே பணிமனை நிலத்தில் 72 ஏக்கரில் கே.எல். சென்ட்ரல் எழுந்து, 2001-இல் நிலையம் திறக்கப்பட்டது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் முன்னிலையில் லிட்டில் இந்தியா தொடக்கம் கண்டது. அதற்கு 3 கோடியே 50 லட்சம் ரிங்கிட் செலவானது. 2015-இல் தோரண வாயிலும் வந்தது.

நகரம் அழகானது. குடியிருந்தவர்கள்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட 'ஹண்ட்ரெட் குவார்ட்டர்ஸ்' 2010களின் நடுவில் இடித்துத் தள்ளப்பட்டது. நிலையத்தைச் சுற்றி அலுவலகக் கோபுரங்களும் ஹோட்டல்களும் விலையுயர்ந்த அடுக்குமாடிகளும் நிற்கின்றன. நாட்டிலேயே ரயில் வசதி மிகுந்த இடத்தில், ரயிலை அதிகம் நம்பி வாழும் எளிய மனிதன் குடியிருக்க முடியவில்லை! பூமாலை கட்டும் பெண்ணும் கடைச் சிப்பந்தியும் தொலைவிலிருந்து வந்து போகிறார்கள். தீபாவளிக்குத் துணி வாங்க வரும் நாமும் வாகனம் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2003-இல் மோனோரயில் ஓடத் தொடங்கியது. அதன் நிலையத்துக்கும் கே.எல். சென்ட்ரலுக்கும் இடையிலான சிறு தூரத்தை 2014-இல் பேரங்காடி திறக்கும்வரை வெயிலிலும் மழையிலும் நடந்தே கடந்தோம். கோடிக்கணக்கில் ரயில் போட்டவர்களுக்கு ஒரு நடைபாதை பெரிதாகத் தோன்றவில்லை. பார்வையற்றோர் சங்கம் அமைந்திருக்கும் ஊர் அது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

சிங்கப்பூரின் தேக்காவைப் பாருங்கள். அங்கும் லிட்டில் இந்தியா உண்டு, சுற்றுப்பயணிகளும் வருகிறார்கள். ஆனால் 1982-இல் கட்டப்பட்ட சந்தை வளாகத்திலேயே வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளும் சேர்ந்தே எழுந்தன. காய்கறி வாங்குபவர் மின்தூக்கியில் ஏறி வீட்டுக்குப் போகிறார். 1989-இல் பழைய கடைவரிசைகளும் பாதுகாக்கப்பட்ட பகுதியாயின. நம் பிரிக்பீல்ட்ஸுக்குக் கிடைத்தது வளைவு. தேக்காவுக்கு வாழும் மக்களும் கிடைத்தார்கள்.

கிள்ளானும் அதே குறுக்குச் சாலையில்

கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகரமாகத் தகுதி உயர்ந்தது. ஆனால் அதன் பழைய நகரத்தை நடந்து பாருங்கள். தெங்கு கிளானா சாலையில் புடவைக் கடைகளும் பலகாரக் கடைகளும் பண்டிகைக் காலத்தில் களைகட்டுகின்றன. ரயில் நிலையம் நடை தூரத்தில் இருக்கிறது. பக்கத்துத் தெருக்களிலோ பூட்டிய கடைகளும் ஆளில்லாத மாடிகளும் கண்ணில் படுகின்றன. புக்கிட் திங்கி போன்ற புதுப் பகுதிகளுக்கு வணிகமும் வங்கியும் பேரங்காடியும் போய்விட்டன. இருக்கும் நகரத்தை வாடவிட்டு, பத்து நிமிடக் கார் பயணத்தில் இன்னொரு நகரத்தைக் கட்டியிருக்கிறோம்.

கிள்ளானுக்கு வரும் எல்.ஆர்.டி.3 தடத்தின் கதையும் நினைவிருக்கட்டும். 2018-இல் செலவைக் குறைக்க ஐந்து நிலையங்கள் ஒதுக்கப்பட்டன. 2024 பட்ஜெட்டில்தான் அவற்றை மீண்டும் சேர்க்க முடிவாயிற்று. சிக்கனம் என்றதும் முதலில் வெட்டுவது ரயில் நிலையத்தைத்தான்!

எது சமநிலை?

சாலையே வேண்டாம் என்பது அறிவுடைமையாகாது. கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன் லாரிகள் போக வேண்டும். அவசர ஊர்தி போக வேண்டும். பழுதான பாலத்தைச் சீர்செய்ய வேண்டும். நான் கேட்பது வரிசைமுறையை மாற்றுங்கள் என்பதுதான்.

முதலாவது, புதிய நெடுஞ்சாலைக்கு அனுமதி தருமுன் அதே பணத்தில் எத்தனை பேருந்துகள், எத்தனை நிமிடத்துக்கொரு ரயில் ஓட்டலாம் என்ற கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும். இரண்டாவது, நிலையங்களை அடுத்த அரசு நிலத்தை மேம்படுத்தும்போது, அங்கே ஏற்கெனவே வாழ்ந்தோர்க்கும் குறைந்த வருமானத்தார்க்கும் ஒரு பங்கு வீடு கட்டாயம் ஒதுக்க வேண்டும். நகரத்தில் நிலம் விலை அதிகம் என்பார்கள். அதனால்தான் அரசு நிலத்தைக் கேட்கிறோம். அதைக் கோபுரத்துக்குக் கொடுத்துவிட்டால் திரும்பி வராது. மூன்றாவது, கிள்ளான் பழைய கடைவரிசைகளின் வெற்று மாடிகளை மாணவர்களும் இளந்தொழிலாளர்களும் வாடகைக்குக் குடியிருக்கச் சீர்செய்ய உதவ வேண்டும். நான்காவது, தாமானிலிருந்து நிலையம் வரை நிழலுள்ள நடைபாதையும் நேரம் தவறாத சிற்றுந்தும் வேண்டும். அது இல்லாத ரயில் கார் வைத்திருப்பவர்க்கே பயன்படும்.

இவை எல்லாம் நம் கையில் இல்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். 2014-இல் விவேகானந்த ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் வந்தபோது மக்கள் எழுந்து குரல் கொடுத்தார்கள். இறுதியில் ஆசிரமம் மரபுச் சின்னமாக அரசிதழில் இடம்பெற்றது. பெட்டாலிங் ஜெயாவாசிகள் எதிர்த்ததால் கிடெக்ஸ் நெடுஞ்சாலைத் திட்டம் 2015-இல் கைவிடப்பட்டது. கோலாலம்பூர் 2040 உள்ளூர்த் திட்டத்தின் வரைவு 2024-இல் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி நம் மாணவர்களில் எத்தனை பேர் ஒரு வரியேனும் எழுதினோம்? ஒரு கட்டடம் இடிந்த பிறகு கண்ணீர்க் கவிதை எழுதுவதில் நாம் வல்லவர்கள். வரைபடம் மேசையில் இருக்கும்போதே அதைப் படித்துக் கேள்வி கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. பொறியியல், சட்டம், கணக்கியல் படிக்கும் நண்பர்கள் நம் பேரவையில் இருக்கிறார்கள். அடுத்த வரைவு வரும்போது அதைத் தமிழில் விளக்கி, கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடத்தினால் அதுவும் தமிழ்ப் பணிதான்.

தோட்டம் நகரமானபோது நம்மை யாரும் கேட்கவில்லை. நம் தாத்தாக்களுக்கு அப்போது படிக்கத் தெரியாது, மனுப்போடத் தெரியாது. நமக்குத் தெரியும். நாளைக் காலையும் ஐந்தரை மணிக்குக் கிள்ளானில் அந்தக் கதவு திறக்கும். அவளுடைய தங்கை பல்கலைக்கழகம் வரும்போதாவது அது ஆறரை மணிக்குத் திறக்கட்டும்.