மச்சானின் வெசலும் மருமகளின் ஸ்லாப்பும்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள். மச்சானிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரப் போடாம எழுது, எப்படியும் ஊருக்குத் தெரியும்" என்றார்.

ராத்தாவின் கணவர் அவர். சம்மாந்துறையில் ஹார்ட்வெயார் கடை. 2017 இல் 58 இலட்சத்துக்கு ஒரு ஹொண்டா வெசல் எடுத்தார். முதல் தலைமுறை, ஹைபிரிட். அன்றிலிருந்து அது அவருடைய வாகனம் என்பதைவிட எங்கள் ஒழுங்கையின் வாகனம். என் மகன் பிறந்த இரவு என் மனைவியைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அதுதான். கட்டாருக்குப் போகிற பொடியன்களைக் கட்டுநாயக்காவுக்கு ஏற்றிப்போனது அதுதான். 2022 இல் கியூ.ஆர். கோட்டுக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்த நாட்களில், அந்த 20 லீற்றரில் மூன்று வீட்டு நோயாளிகளைக் கிளினிக்குக்குக் காட்டி வந்தோம். இன்றைக்கும் ஓடுகிறது.

இப்போது மச்சானுக்கு அதைக் கொடுத்துவிட்டு இரண்டாம் தலைமுறை வெசல் எடுக்க வேண்டும்.

ஆசை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரி 1 இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருடமும் எல்லோரும் பழைய வாகனத்திலேயே ஓடினோம். யாரும் யாரையும் பார்த்துப் பெருமூச்சு விடவில்லை. அது ஒரு நிம்மதியான காலம் என்று இப்போது தோன்றுகிறது. திறந்ததும் கல்முனை றோட்டில் புதிய முகங்கள் ஓடத் தொடங்கின. நம்மூரில் நம்பர் பிளேட்டின் மூன்று எழுத்தைப் பார்த்தே எந்த வருடம் பதிந்த வாகனம் என்று சொல்லும் ஆட்கள் ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் இருக்கிறார்கள். மச்சானோடு பஸாரில் கடை வைத்திருக்கும் ஒருவர் புதியதொன்றை எடுத்து, ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மச்சானின் வெசல் அதற்குப் பக்கத்தில் நின்றது. அன்றுதான் அது பழசாகிப் போனது.

நானும் கொழும்புக்குக் கூடப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் பிடித்தது. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் வெளியிலேயே நின்றுவிடுகிறது. டேஷ்போர்ட் நேராக, சுத்தமாக இருக்கிறது. பின்கதவின் கைபிடி மட்டும் பழையதுபோலவே கண்ணாடியோரம் மறைந்திருக்கிறது. "மச்சான், நீ ஏறி இரு" என்று சாரதி ஆசனத்தில் இருத்தினார். அடுத்த பத்து நிமிடத்துக்கு நான் ஒரு வாத்தியார் என்பதையே மறந்துவிட்டேன்.

வேறுபாடு வெறும் தோற்றம் மட்டுமல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2013 டிசம்பரில் ஜப்பானில் வந்த முதல் தலைமுறை ஹைபிரிட்டில் ஒரே மோட்டார், அது ஏழு கியர் இரட்டைக் கிளச் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தக் கிளச் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்காக ஹொண்டாவே ஜப்பானில் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. 2021 இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அந்தப் பெட்டியே இல்லை. இரண்டு மோட்டார். பெரும்பாலான நேரம் என்ஜின் மின்சாரம் உண்டாக்குகிறது, சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் என்ஜின் நேரடியாகச் சக்கரத்தோடு இணைகிறது. சனநெரிசலில் ஊர்வதற்கும், மஹியங்கனை பதினெட்டு வளைவில் லொறிக்குப் பின்னால் ஏறுவதற்கும் இது நல்ல அமைப்பு என்று கராஜ் தம்பி சொல்கிறார். ஏற்றுக்கொள்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். பழைய வெசலுக்கு 1 கோடியே 5 இலட்சம் தருவதாக ஒருவர் கேட்டிருக்கிறார். மச்சான் பார்த்து வைத்த புதியது 2 கோடி. இடைவெளி 95 இலட்சம். கையில் 35 இலட்சம், மீதி 60 இலட்சத்துக்கு ஐந்து வருட லீசிங். அவர்கள் சொன்ன வட்டி 13 வீதம். மாதத் தவணை 1 இலட்சத்து 36 ஆயிரத்துக்கு மேல். ஐந்து வருடத்தில் 60 இலட்சத்துக்காகக் கட்டுவது ஏறக்குறைய 82 இலட்சம்.

"58க்கு எடுத்தேன், 105க்குப் போகுது. 47 இலட்சம் லாபம். அந்த லாபத்ததானே புதுசுல போடுறேன்" என்றார் மச்சான். இந்த வசனத்தை நான் ஊரில் குறைந்தது பத்துப் பேரிடம் கேட்டிருக்கிறேன். நம் நாட்டில் வாகனத்தைப் பற்றி நடக்கும் மிகப் பெரிய கணக்குப் பிழை இதுதான். 2017 இல் ஒரு டொலர் 150 ரூபாயளவில் இருந்தது. 58 இலட்சம் என்றால் ஏறக்குறைய 38,700 டொலர். 2025 இல் டொலர் 300 ரூபாயளவு. 1 கோடியே 5 இலட்சம் என்றால் 35,000 டொலர். வாகனத்தின் பெறுமதி ஏறவில்லை, இறங்கித்தான் இருக்கிறது. மதிப்புப் போனது நம் ரூபாய்க்கு. அந்த 47 இலட்சத்தை லாபம் என்று எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால், அதே தரத்தில் ஒரு வாகனத்தைக்கூட வாங்க முடியாது. விற்ற விலைக்குள் அடங்கும் மாற்று வாகனம் இல்லையென்றால் அதற்கு எப்படி லாபம் என்று பேர் வைப்பது?

அந்த 2 கோடியில் எவ்வளவு வாகனம், எவ்வளவு வரி என்பதையும் பாருங்கள். இறக்குமதியைத் திறந்தபோது சுங்கத் தீர்வை 20 வீதம், அதற்கு மேல் அந்தத் தீர்வையின் பாதியளவு மேலதிக வரி, என்ஜின் கொள்ளளவுக்கு ஏற்ற உற்பத்தி வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 வீத வற். நாம் வாங்குவதில் பெரும் பங்கு இரும்பே இல்லை. அரசாங்கத்துக்கு வரி வேண்டும், டொலர் வெளியே போகாமலும் இருக்க வேண்டும், அதில் எனக்கு வழக்கில்லை. என் சம்பளமும் அந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது. ஆனால் வரியைக் கடன் வாங்கிக் கட்டி, அந்தக் கடனுக்கு வட்டியும் கட்டுவது என்ன கணக்கு?

பெற்றோல் மிச்சமாகும் என்று மச்சான் சொன்னார். அதையும் போட்டுப் பார்த்தோம். மாதம் 1,200 கிலோமீற்றர் ஓடுகிறார். பழையது லீற்றருக்கு 15, எனவே 80 லீற்றர். புதியது 20 தரும் என்று வைத்துக்கொண்டால் 60 லீற்றர். மிச்சம் 20 லீற்றர். 300 ரூபாய் என்று வைத்தால் மாதம் 6,000 ரூபாய். இந்த ஆறாயிரத்துக்காக 1 இலட்சத்து 36 ஆயிரம். மச்சான் சிரித்துவிட்டார். பழையதின் ஹைபிரிட் பெட்டரிக்கு ஒரு நாள் செலவு வரத்தான் செய்யும், அதற்கு 10 இலட்சம் ஒதுக்கி வையுங்கள் என்றேன். அதையும் டயர், பிரேக், கியர் எண்ணெய் செலவுகளையும் சேர்த்தாலும் ஒரு வருடத் தவணையை எட்டாது.

வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. "இஜாராவில போடுவம்" என்றார். ஹலால் ஹராம் பேச நான் ஆலிம் இல்லை, அதை அறிந்தவர்களிடம் கேளுங்கள். நான் சொல்வது தொகையை மட்டும். நாங்கள் விசாரித்த இடத்தில் பெயர் மாறியது, மாதத் தொகை பெரிதாக மாறவில்லை. ஹார்ட்வெயார் வியாபாரம் முழுக்கக் கடனும் செக்கும். கொந்திராத்துக்காரர் அரசாங்கக் காசு வந்தால் தருவார், வராவிட்டால் இல்லை. தவணைத் திகதி யாருக்காகவும் நிற்காது. நெருக்கடிக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் வாகனத்தை மூன்று தவணை பிந்தியதற்காக சுபஹுக்குப் பிறகு வந்து எடுத்துப்போனார்கள். அவர் வாசலில் சாரத்தோடு நின்றதை மச்சானும் நானும் பார்த்தோம்.

புதிய வாகனத்துக்காக நான் ஏற்றுக்கொள்ளும் ஒரே வலுவான நியாயம் பாதுகாப்பு. இரண்டாம் தலைமுறையில் முன்னாலுள்ள வாகனத்தையும் மனிதரையும் கமரா கண்டு, தேவைப்பட்டால் தானாகவே பிரேக் போடும் வசதி இருக்கிறது. இரவில் அம்பாறை, மஹாஓயா, பதியத்தலாவ, மஹியங்கனை, கண்டி என்று ஏழெட்டு மணித்தியாலம் ஓட்டும் ஆட்களுக்கு அது சின்ன விடயமில்லை. ஆனால் அது யானைக்காகச் செய்த வசதியல்ல. கண்ணயரும் சாரதிக்குப் பதிலாக ஓட்டுவதற்கும் செய்ததல்ல. பகல் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு இரவு பத்து மணிக்கு எயார்போட் புறப்படுகிறோம். பின் ஆசனத்தில் பெல்ட் போடச் சொன்னால், நான் ஏதோ அபசகுனம் சொன்னதுபோல உம்மா பார்க்கிறார். இரண்டாவது சாரதி ஒருவரைக் கூட்டிப்போனால் ஐயாயிரம் ரூபாய். அதைச் செய்யாமல் பாதுகாப்புக்காக 95 இலட்சம் என்றால் நான் நம்பமாட்டேன்.

வெள்ளத்துக்கு உயரமான வாகனம் வேண்டும் என்பதும் அடிக்கடி கேட்கும் நியாயம். 2024 நவம்பர் 26 இல் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தையே வெள்ளம் புரட்டி மத்ரஸாப் பிள்ளைகளைக் கொண்டுபோனது. வெசல், எந்தத் தலைமுறையாக இருந்தாலும், அந்தத் தண்ணீருக்கு முன்னால் ஒரு தீப்பெட்டி. அந்த றோட்டில் தண்ணீர் ஏறினால் திரும்பி வருவதுதான் ஒரே வழி.

இனி அந்த 35 இலட்சத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான்.

மச்சானுக்கு மூன்று பெண் பிள்ளைகள். மூத்த மருமகள் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். பேச்சுக்கள் வரத் தொடங்கிவிட்டன. வளவின் கிழக்குப் பக்கம் அவளுக்கான வீடு லிண்டல் மட்டத்தோடு இரண்டு வருடமாக நிற்கிறது. கம்பி துருப்பிடித்து, மழைக்குள் பாசி ஏறி, இப்போது அதற்குள் பக்கத்து வீட்டு ஆடு கட்டியிருக்கிறது. அந்த 35 இலட்சம் ஸ்லாப் போடவும் வேலை முடிக்கவும் சேர்த்த காசு. பெண் வீட்டார் வீடு கொடுக்கும் நம் பகுதி வழக்கு சரியா, பிழையா என்பது வேறு பதிவு. நானே மாமி கொடுத்த வீட்டில்தான் இருக்கிறேன், ஆகவே இப்போதைக்கு வாயைப் பொத்திக்கொள்கிறேன். ஆனால் அந்த வழக்குக்குள் இருந்துகொண்டு வீட்டுக் காசை வாகனத்தில் போட்டால், நாளைக்குப் பேச்சு முற்றாகும் நேரம் ராத்தாவின் நகைதான் அடகுக்குப் போகும். அல்லது மருமகளிடம் "கொஞ்சம் பொறு" என்பார்கள். இதெல்லாம் தெரிந்தும் ராத்தா ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனார். மருமகள் மட்டும் வாசல்படியில் நின்று, "வாப்பாக்கு ஆசையெண்டா எடுக்கட்டும் மாமா" என்றாள். அந்தப் பிள்ளை அப்படிச் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

நான் வாய்விட்டு வேண்டாம் என்றேன். மச்சானுக்குக் கோபம். "ஒனக்கென்ன, நீ பைக்கில போற ஆள், ஒனக்கு விளங்காது" என்றார். அங்கிருந்த இன்னொருவர் "வாத்தியாருக்குப் பொறாமை" என்றார். வீட்டுக்கு வந்து அதையும் யோசித்தேன். கொஞ்சம் இருக்கலாம். அந்தப் பத்து நிமிடம் சாரதி ஆசனத்தில் இருந்தவன் நான்தானே. ஆனால் பொறாமைக்காரன் போட்டாலும் 60 இலட்சத்துக்கு 13 வீதம் அதே தொகைதான் வரும்.

வாகனம் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாடகைக்கு ஓடிப் பிழைப்பவர், பழுதுச் செலவு மாதாமாதம் தவணையளவுக்கு வருபவர், கடன் இல்லாமல் கைக்காசில் எடுக்கக்கூடியவர் தாராளமாக மாற்றட்டும். எடுப்பவர்கள் ஏல அறிக்கையின் மூலப் பிரதியைக் கேட்டு, மீற்றரில் உள்ள கிலோமீற்றரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பனைக்காரர் போனில் காட்டும் படத்தை மட்டும் நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள். மச்சானுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: ஸ்லாப்பைப் போடுங்கள், பழையதற்கு நல்ல நான்கு டயர் போடுங்கள், மாதம் 1 இலட்சத்து 36 ஆயிரம் கட்ட முடியும் என்றால் அதை ஒரு வருடம் கணக்கில் போட்டுக் காட்டுங்கள். பன்னிரண்டு மாதமும் தவறாமல் போட்டால் 16 இலட்சத்துக்கு மேல் கையில் இருக்கும். அப்போது கொழும்புக்கு நானே கூட வருகிறேன்.

முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை. மேசனிடம் ஸ்லாப்புக்கு மட்டும் கணக்குக் கேட்டிருக்கிறார் என்று ராத்தா நேற்று இரவு போனில் சொன்னார். ஆடு இன்னும் அங்கேதான் கட்டியிருக்கிறது.

முதல் தலைமுறையிலிருந்து இரண்டாம் தலைமுறைக்கு மாறியவர்கள் நம் பகுதியில் சிலர் இருக்கிறீர்கள். மலையேற்றத்தில் எப்படி, லீற்றருக்கு உண்மையில் எவ்வளவு, காப்புறுதி எவ்வளவு கூடியது என்று கீழே எழுதுங்கள். என் கணக்கு பிழையென்றால் தயங்காமல் திருத்துங்கள், மச்சானும் வாசிப்பார்.