பட்டம் இருக்கிறது, வேலை எங்கே?

பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் பொழுது விடிவதற்கு முன்பே அரளித் தோட்டங்களில் டார்ச் விளக்குகள் அசைவதைக் காணலாம். மொட்டு விரிந்துவிட்டால் விலை போகாது. இருட்டிலேயே பறித்து, மூட்டை கட்டி, சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். சமீபத்தில் அப்படி ஒரு தோட்டத்தில் நாம் சந்தித்த எட்டுப் பேரில் மூவர் பட்டதாரிகள். ஒருவர் கணிதத்தில் பி.எஸ்ஸி.; ஒருவர் பி.இ. மெக்கானிக்கல், மூன்றாமவர் எம்.ஏ., பி.எட். முடித்த பெண். பேசிக்கொண்டிருந்தபோது நம்முடன் வந்த தோழர் கைபேசியை எடுத்தார். பி.இ. படித்தவர் பதறிப் போனார். “போட்டோ மட்டும் எடுத்துடாதீங்கண்ணா, பொண்ணு பாக்கற எடத்துல தெரிஞ்சா வம்பு” என்றார்.

பூப் பறிப்பது கேவலமான வேலையா? அவருடைய தாயும் தகப்பனும் அந்தத் தொழிலில்தான் அவரை வளர்த்தார்கள். அவரை வாட்டுவது வேறு. அந்தப் பட்டத்திற்காக இரண்டு எருமைகள் விற்கப்பட்டன, தாயாரின் சங்கிலி அடகுக்குப் போனது, பாங்கியில் கல்விக் கடனும் நிற்கிறது. இவ்வளவுக்கும் பிறகு அவர் ஓசூரில் ஒரு ஆலையில் பயிற்சித் தொழிலாளியாக நின்று, ஒப்பந்தம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார். இன்று அவர் வாங்கும் கூலி, பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத பக்கத்து வீட்டுக்காரர் வாங்கும் அதே கூலி.

தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவிகிதம். அகில இந்திய விகிதம் 28.4 (2021-22 கணக்கு). இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளையும், தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்டவன் வீட்டுப் பிள்ளையும் கல்லூரி வாசலை மிதித்திருக்கிறார்கள். அந்த வாசலுக்கு வெளியே அவர்களுக்கு என்ன காத்திருக்கிறது?

டி.என்.பி.எஸ்.சி. நான்காம் தொகுதித் தேர்வைப் பாருங்கள். பத்தாவது தேறியிருந்தால் போதும் என்று சொல்லப்படும் கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் வேலைகள் அவை. 2024 இல் முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். 2025 இல் இடங்கள் 3,935; விண்ணப்பித்தவர்கள் சுமார் 13 லட்சத்து 89 ஆயிரம். பிறகு இடங்களைச் சிறிது கூட்டியதாலேயே இந்தப் பள்ளம் தூர்ந்துவிடவில்லை. பத்தாவது படித்தவனுக்கென்று வைத்த நாற்காலிக்கு பி.இ.யும் எம்.ஏ.யும் முட்டி மோதினால், பத்தாவது மட்டும் படித்தவன் எங்கே போய் நிற்பான்?

‘பையன்களுக்குத் திறமை இல்லை’ என்று முதலாளிகளின் சங்கங்கள் உபதேசம் செய்கின்றன. சர்க்காரும் அதற்குத் தாளம் போடுகிறது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் பங்கேற்று 2024 இல் வெளியான இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை சொல்வது என்ன? 2022 இல் இளைஞர்களிடையே எழுதப் படிக்கத் தெரியாதவர்களில் வேலையற்றோர் 3.4 சதவிகிதம், பட்டதாரிகளில் 29.1 சதவிகிதம். எழுத்தறியாதவனுக்கு நல்ல உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமல்ல. அவன் ஒரு நாள் சும்மா இருந்தால் அன்று அடுப்பு எரியாது; ஆகவே கிடைத்த கூலிக்குப் போகிறான். படித்தவன் சில ஆண்டுகள் காத்திருந்து பார்க்கிறான். பெற்றோரின் சேமிப்பு கரைந்ததும் அவனும் அரளிக் காட்டுக்கே வந்து சேருகிறான். அப்புறம் கணக்கில் அவன் ‘வேலையில் இருப்பவன்’! கலியாணம் செய்துகொண்டு வீட்டோடு அடைக்கப்படும் பட்டதாரிப் பெண்ணோ எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

செய்வதற்கு வேலையே இல்லையா? 2021 மார்ச் 1 நிலவரப்படி மத்திய சர்க்காரின் துறைகளில் 9 லட்சத்து 79 ஆயிரம் இடங்கள் காலி என்று நாடாளுமன்றத்தில் சர்க்காரே ஒப்புக்கொண்டது. 2022 ஜூனில், ஒன்றரை ஆண்டில் 10 லட்சம் பேரை நியமிப்போம் என்று பிரதமர் அறிவித்தார். நியமனக் கடிதம் கொடுப்பதையே மேளாவாக நடத்திப் படம் பிடித்தார்கள். அதே ஜூன் மாதத்தில்தான் ராணுவ வேலையையும் நான்காண்டு ஒப்பந்தமாக்கி, நூற்றுக்கு 75 பேரை வீட்டுக்கு அனுப்பும் ‘அக்னிபாத்’ திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சேலம் உருக்காலைக்கு 1970 இல் அடிக்கல் நாட்டியபோது இந்த ஜில்லாவின் வாலிபர்கள் என்னென்ன கனவு கண்டார்கள்! 2019 ஜூலையில் அந்த ஆலையை விற்பதற்கு உலகெங்கும் விளம்பரம் கொடுத்தார்கள். தொழிலாளர்கள் குடும்பத்தோடு வீதிக்கு வந்து எதிர்த்தார்கள்.

மாநில சர்க்கார் விஷயத்திலும் ஒளிவு மறைவு வேண்டாம். மூன்றரை லட்சம் காலியிடங்களை நிரப்புவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. அந்தக் கூட்டணியில் நாமும் இருந்தோம். நாமும் ஓட்டுக் கேட்டோம். ஆகவே எந்தத் துறையில் எத்தனை இடம் நிரம்பிற்று என்று கேட்கும் கடமை மற்றவர்களைவிட நமக்கு அதிகம். அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர் இடத்தில் ‘கௌரவ’ விரிவுரையாளர்களை வைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். சம்பளத்தில் இல்லாத கௌரவம் பெயரில் மட்டும் இருந்து என்ன பயன்?

வேலையில்லாப் பட்டதாரிக்கு உதவித்தொகை உண்டல்லவா என்பார்கள். உண்டு, மாதம் 600 ரூபாய். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும்; குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது; மூன்றாண்டுதான் கிடைக்கும். நாளுக்கு 20 ரூபாய்! பனமரத்துப்பட்டியிலிருந்து சேலத்துக்கு ஒரு நேர்காணலுக்குப் போய், ஒரு வேளை சாப்பிட்டுத் திரும்ப அது காணுமா?

“சீனாவில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?” என்று டீக்கடையில் நம்மை மடக்குகிறவர்கள் உண்டு. அங்கும் இந்தப் பிரச்னை கடுமையாகவே இருக்கிறது. 2023 இல் மட்டும் 1 கோடியே 15 லட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கே பட்டம் பெற்று வெளியே வந்தார்கள். அவ்வாண்டு ஜூனில் நகர்ப்புறத்து 16 முதல் 24 வயதினரிடையே வேலையின்மை 21.3 சதவிகிதத்தைத் தொட்டது. பிறகு சில மாதம் அந்தப் புள்ளிவிவரத்தையே நிறுத்திவைத்து, மாணவர்களை நீக்கிய புதுக் கணக்கோடு மீண்டும் வெளியிட்டார்கள். நண்பர்கள் செய்தாலும் கணக்கை நிறுத்துவது சரியல்ல என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் பெய்ஜிங்கின் புள்ளிவிவரம் பனமரத்துப்பட்டி வாலிபருக்குப் பதிலாகுமா? டில்லியும் சென்னையும்தான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். கூலி உயர்வுக்கும் பட்டாவுக்கும் மனு எழுத நம் தோழர்களுக்குத் தெரியும். பட்டதாரி வாலிபரைக் கண்டால் ‘படித்தவன், நம்மோடு வரமாட்டான்’ என்று ஒதுங்குகிறோம். தேர்தலில் பூத் சீட்டு எழுத மட்டும் கூப்பிடுகிறோம். அவரோ தம் தோல்வி தம்முடையதே என்று நம்பி, அறைக்குள் முடங்கிக் கிடக்கிறார். பக்கத்துத் தெருவிலும் ஒருவர் அப்படியே கிடப்பது அவருக்குத் தெரியாது.

காலியிடங்கள் துறைவாரியாகப் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். குறிப்பிட்ட தேதிக்குள் நிரந்தர ஊழியர்களால் நிரப்பப்பட வேண்டும். உதவித்தொகையை உயர்த்தி, ஐந்தாண்டுக் காத்திருப்பை ரத்து செய்ய வேண்டும். வேலை கிடைக்கும் வரை கல்விக் கடன் வசூலையும் வட்டியையும் நிறுத்த வேண்டும். ஒரு காலத்தில் சேலத்துக்கே குடிநீர் கொடுத்து, பிறகு பல்லாண்டுகள் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த பனமரத்துப்பட்டி ஏரி போன்ற நீர்நிலைகளைச் சீரமைக்கும் பணிகளில் உள்ளூர் டிப்ளமா, பி.இ. வாலிபர்களை நேரடியாக நியமிக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளோடு ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கட்டும். பெயர், படிப்பு, முடித்த ஆண்டு, கடன் பாக்கி, இப்போது செய்யும் வேலை ஆகிய ஐந்து விவரங்கள் போதும். பெண்களின் பெயர் ஒன்றுகூட விடுபடக் கூடாது. விடியற்காலையில் தோட்டத்தில் இருப்பவர்களை வீட்டில் தேடிப் பயனில்லை, மாலையில் போங்கள். பட்டியல் முடிந்ததும் அதில் உள்ளவர்களையே முன்னிறுத்தி, அவர்கள் கையாலேயே ஜில்லா கலெக்டரிடம் கொடுக்க வேண்டும்.