'ஏய் குண்டு!' என்று கூப்பிடலாமா?

பிள்ளைகளே! கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போனால், கண் கூசும் வெள்ளை உப்பு மேடுகளைப் பார்க்கலாம். உப்பளத் தொழிலாளர்கள் பொழுது விடியும் முன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். நீளக் கம்பில் பொருத்திய பலகையால் உப்பை இழுத்து வரப்பில் சேர்ப்பார்கள். மேலே வெயில், கீழே உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். தோல் கறுக்கத்தானே செய்யும்? தோலில் மெலனின் என்ற நிறமி கூடுவதால் அப்படி ஆகிறது. புறஊதாக் கதிர்களிடமிருந்து தப்பிக்க நம் உடம்பே பிடிக்கும் குடை அது!

ஆனால், "பெற்றோர் கூட்டத்துக்கு நீ வராதேம்மா" என்று சொல்லும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவின் கறுத்த முகமும் வெடித்த பாதமும் அவர்களுக்கு வெட்கமாம். அதே வீட்டில் அம்மாவும் மகளை, "ஏய் குண்டு" என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு அது செல்லப் பெயர். மகளுக்கு? எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்தப் பேச்சுக்காகவே மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். இரண்டே வாரத்தில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள்.

உங்கள் வயதில் சிலருக்கு முதலில் சதை போடும்; பிறகு மளமளவென்று உயரம் கூடும். சிலருக்கு நேர்மாறாக நடக்கும். எலும்பு வளரும் இந்த நேரத்தில் பட்டினி கிடப்பது ஆபத்து.

'குண்டாக இருக்கிறாய், ஓடு' என்று உடற்பயிற்சியைத் தண்டனை ஆக்குவதும் தவறு. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குண்டோ ஒல்லியோ, எல்லோருக்கும் அதே 60 நிமிடம்தான்! கபடி, பாண்டி, ஸ்கிப்பிங், சைக்கிள் எதுவானாலும் சரி. பெண் பிள்ளை பெரியவளானதும் விளையாட்டை நிறுத்திவிடுகிறார்களே, அந்த வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவைத் தெரியுமல்லவா? ஐந்து வயதில் பேருந்து மோதி அவருடைய வலது கால் நசுங்கியது. அம்மா சரோஜா செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் வளர்த்தார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஊக்கம் கொடுத்தார். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன். 2021-ல் டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். அந்தக் காலைப் பார்த்து ஒதுக்கியிருந்தால் மூன்று பதக்கமும் ஏது?

வீட்டில் யாராவது உங்கள் உடம்பைச் சொல்லிக் கூப்பிட்டால், மனதுக்குள் புழுங்காதீர்கள். "அம்மா, அப்படிக் கூப்பிட்டால் எனக்கு அழுகை வருது. பேர் சொல்லிக் கூப்பிடும்மா" என்று நேராகச் சொல்லுங்கள். அப்பாவிடமும் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரை வரை உங்களோடு நடந்து வரச் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பாவம், கால் கழுவி ஒரு வாய் டீ குடிக்கட்டும்!