வீட்டில் ஏறும் மேப்பும் பட்டறையின் பொறுப்பும்

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததோடு புது இருசக்கர வண்டிகளில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்துவிட்டது. ஜெட் மாற்றி, ஏர் ஸ்க்ரூ திருகி, பிளக்கின் நிறம் பார்த்துச் செய்த வேலையெல்லாம் இன்று இசியுவுக்குள் எண்களாக, அதாவது மேப்பாக, இருக்கிறது. அந்த எண்களை மாற்றப் பட்டறைக்கு வரவேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. ஒரு கேபிள், ஒரு லேப்டாப், ட்யூனர் அனுப்பும் ஒரு ஃபைல் இருந்தால் வீட்டு வாசலிலேயே மேப் ஏறிவிடுகிறது. எஞ்சின் சூடாகிறது, செக் லைட் எரிகிறது என்றால்தான் வண்டி நம்மிடம் வருகிறது.

வருகிறவரைத் திட்டி அனுப்பாதீர்கள். அவருக்கு வண்டிமேல் ஆசை இருக்கிறது. அளக்கக் கருவி இல்லை. குறை அங்கேதான்.

மேப் ஏற்றுவதில் தவறு நடப்பது பெரும்பாலும் மின்சாரத்தால். பாதியில் வோல்ட் இறங்கினால் இசியு செத்துப்போகலாம். 2017 முதல் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்ச் கிடையாது. சிலவற்றில் சாவியைத் திருப்பியதுமே எரியும். அதன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, பேட்டரிக்கு நிலையான சப்ளை கொடுத்து, லேப்டாப் தூங்கப் போகாதபடி வைத்துவிட்டுத் தொடங்கினால் பாதி ஆபத்து போய்விடும். இதை வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுப்பதால் நமக்கு வருமானம் குறையாது.

பெரிய சிக்கல் மேப் ஏறிய பிறகுதான். கம்பெனி பொருத்திய ஆக்சிஜன் சென்சார் பெரும்பாலும் நேரோபேண்ட் வகை. கலவை லாம்டா 1-க்கு, அதாவது சரியான விகிதத்துக்கு, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் அது சொல்லும். எவ்வளவு தூரம் என்று சொல்லாது; அதைச் சொல்வது வைட்பேண்ட் மீட்டர். ஐடிலிலும் சீரான வேகத்திலும் இசியு அதை வைத்துத் திருத்திக்கொள்ளும். த்ராட்டிலை முழுதாகத் திறந்தால் மேப்பில் எழுதியதுதான் வேதம். அங்கே எரிபொருள் குறைந்தால் பிஸ்டன் உருகும். கூடினால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதைப் பாழாக்கும். ஓட்டுபவருக்கு இரண்டுமே உடனே தெரியாது. இக்னிஷனை முன்னே தள்ளிய மேப் இன்னும் மோசம்: நம் சாலைகளில் ஓடும் சிறிய எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு நாக் சென்சார் இல்லை.

இதோடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலும் வந்து சேர்ந்திருக்கிறது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இ20-க்குச் சுமார் 13.5 போதும். எத்தனால் கலக்காத பெட்ரோலில் ட்யூன் செய்து எழுதிய ஃபைலை அப்படியே இங்கே ஏற்றினால், முழு த்ராட்டிலில் கலவை ஏழெட்டு சதவீதம் லீன் ஆகிறது. சித்திரை வெயிலில், ஏர்கூல்டு எஞ்சினில், அந்த ஏழெட்டு சதவீதம் சாதாரணம் இல்லை. வைட்பேண்ட் மீட்டரிலும் 14.7 கணக்கைப் பார்க்காமல் லாம்டாவைப் பாருங்கள்; எரிபொருள் மாறினாலும் லாம்டா பொய் சொல்லாது. ஆகவே அதே மாடல், அதே சைலன்சர் என்று அடுத்தவர் கொடுத்த ஃபைல் அரைகுறை ஃபைல்தான். அந்த வண்டியில், இந்த ஊர் பெட்ரோலில், வைட்பேண்ட் லாக் எடுத்துப் பார்த்துத் திருத்திய பிறகே அது முழுமையாகிறது.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் உற்பத்தியாளரின் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; 2019 திருத்தத்துக்குப் பின் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. வாரண்டியும் கேள்விக்குள்ளாகும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு, சென்சாரை ஏமாற்றும் மேப் கேட்டு வருபவருக்கு முடியாது என்று சொல்வதே சரி. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களில் அவர் பிள்ளையும் உண்டு.

வீட்டில் மேப் ஏற்றிய வண்டி வந்தால் ஸ்பேனரைத் தொடுமுன் இசியுவில் இருப்பதைப் படித்துச் சேமியுங்கள். ஒரிஜினல் ஃபைல் கையில் இல்லாமல் எந்த வண்டிக்கும் புது மேப் ஏற்றாதீர்கள். வைட்பேண்ட் வாங்க இயலாத பட்டறைகள் பக்கத்துப் பட்டறையோடு கூட்டாக ஒன்றை வாங்கி வையுங்கள்.