வலிக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று: ஜாக்கிரதை!



ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்குப் பகல் எப்படியோ போய்விடும். இரவில்தான் வலி தெரியும். குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "டிரஸரையா, வலி மாத்திரை போட்டும் தூக்கம் வரல. அதான் வழக்கமா போடுற தூக்க மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கிட்டேன்."

"தூக்க மாத்திரை சாப்பிடுறத ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"அதைப் போய் எப்படிங்க சொல்றது? வெட்கமா இருக்கு."

இந்த வெட்கம்தான் ஆளைக் கொல்லும் என்பேன். டிராமடால், கோடின், மார்பின் போன்ற வலி மருந்துகள் மூளையில் வேலை செய்பவை. வலியோடு மூச்சையும் அடக்கக்கூடியவை. டயஸிபாம், லோராஸிபாம், ஸோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகளும் மூளையை மந்தப்படுத்தும். இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். சம்சுவும் பீரும் கூடச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா இந்த வலி மருந்துகளிலும் டயஸிபாம் வகை மாத்திரைகளிலும் இதைப் பற்றிக் கடும் எச்சரிக்கை அச்சிட வைத்தது.

அதற்காக வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வலிக்குப் பயந்து இருமாமல், எழுந்து நடக்காமல் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். காலில் இரத்தம் உறையும். டாக்டர் கொடுத்த மருந்தை அவர் சொன்ன நேரத்தில், சொன்ன அளவில் சாப்பிடுங்கள்.

பெனடோல் மூச்சை அடக்காது. ஆனால் அதற்கும் அளவு உண்டு. 500 மில்லிகிராம் மாத்திரை, பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 2. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு நாளைக்கு 8-க்கு மேல் கூடவே கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் குடிப்பவர்களும் கேட்டுத்தான் போடவேண்டும். சளி மாத்திரையிலும் அதே மருந்து இருக்கலாம்; பார்த்துக்கொள்ளுங்கள். பொன்ஸ்தான், வோல்டரன் போன்றவற்றைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிப் போடாதீர்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவை ஆகாது.

இன்னொன்று. பல மாதமாகச் சாப்பிட்ட தூக்க மாத்திரையைப் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு வரலாம். எப்படிக் குறைப்பது என்று டாக்டர் சொல்வார்.

வீட்டில் இருப்பவர்களே! தட்டி எழுப்பியும் எழவில்லையா? மூச்சு மெதுவாக வருகிறதா? தொண்டையில் கரகரவென்று சத்தமா? உதடு நீலமாகிறதா? "தூங்கட்டும்" என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 999-க்கு அழையுங்கள். வாயில் காப்பி ஊற்றாதீர்கள்.

மாத்திரை மயக்கம் மறுநாள் காலை வரை இருக்கும். எம்.சி. முடியுமுன்னே இருட்டில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பால் வெட்டக் கிளம்பாதீர்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வீட்டில் உள்ள மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பையை மேசைமேல் வைத்து, "இதெல்லாம் நான் சாப்பிடுறேன்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.