வாய்தாவுக்குப் போனால் கூலி இல்லை, போகாவிட்டால் பிடிவாரண்ட்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அன்றிலிருந்து மாரிக்குப்பத்தில் புறப்படும் விடியற்கால ரயிலே இம்மக்களின் சுரங்க வாயிலாகிவிட்டது. சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஏறும் ஆயிரக்கணக்கானோர் பெங்களூரில் கட்டட வேலை, காவல் வேலை, துப்புரவு வேலை பார்த்து இரவில் வீடு திரும்புகின்றனர். இவர்களில் ஒருவர்மீது தங்கவயல் நீதிமன்றத்தில் மறியல் வழக்கோ அடிதடி வழக்கோ இருந்தால், ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலியை விழுங்கும். இருமுறை போகாமலிருந்தால் பிடிவாரண்ட் பிறக்கும். அது பிறந்த செய்தியே அவருக்குத் தெரியாமலிருக்கும்.

"சட்டத்தின் முன் அனைவரும் சமம், வராதவனைப் பிடிப்பதில் என்ன தவறு?" என்று கேட்போர் உண்டு. வசதி படைத்தவருக்கு வாரண்ட் பிறந்தால் மறுநாள் காலையிலேயே வழக்கறிஞர் மனுப் போட்டு அதை ரத்து செய்துவிடுகிறார். கூலித் தொழிலாளிக்குப் பிறந்த வாரண்ட்டோ காவல் நிலைய அலமாரியில் ஆண்டுக்கணக்கில் தூங்கும். தேர்தல் நேரத்திலோ, போராட்டம் சூடுபிடிக்கும் வேளையிலோ திடீரென விழித்துக்கொள்ளும். ஒரே சட்டம் இருவரிடமும் இப்படித்தான் சமமாக நடந்துகொள்கிறது.

வாரண்ட்டுக்கும் உழைப்பாளிக்கும் உள்ள உறவு புதிதன்று. பிரிட்டிஷ் இந்தியாவின் 1859ஆம் ஆண்டு ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய கூலியாள் வேலையை விட்டுப் போனால் முதலாளியின் புகாரின்பேரில் மாஜிஸ்திரேட் சம்மனோ வாரண்ட்டோ அனுப்பலாம். மூன்று மாதம் வரை கடுங்காவலும் விதிக்கலாம். ஒப்பந்தத்தை மீறிய முதலாளிக்கு அச்சட்டத்தில் சிறை இல்லை. 1925இல்தான் அது நீக்கப்பட்டது. தங்கவயலுக்கு ஆள் கொடுத்த வட ஆர்க்காட்டுக் கிராமங்கள் அச்சட்டத்தின் நிழலில் வாழ்ந்தவை. 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முனைந்தபோது தங்கவயல் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. குற்றவாளியைப்போல் அடையாளம் காட்டப்படுவதை அந்த எழுத்தறியா மக்கள் ஏற்கவில்லை. 1946 நவம்பர் 4 அன்று உயிர்நீத்த ஆறு தொழிலாளரை ஆண்டுதோறும் நினைவுகூரும் ஊர் இது.

இன்றைய சட்டம் சொல்வதென்ன? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 72ஆம் பிரிவுப்படி, பிடிவாரண்ட் நிறைவேற்றப்படும் வரையிலோ, பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரையிலோ உயிரோடிருக்கும். அதற்குக் காலாவதி கிடையாது. நாட்டின் எந்த மூலையிலும் அதை நிறைவேற்றலாம். பெயர் மாறியதே தவிர, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இதையேதான் சொன்னது. முதலில் சம்மன், பின்னர் ஜாமீனில் விடத்தக்க வாரண்ட், கடைசியாகவே ஜாமீனில் வெளிவர முடியாத வாரண்ட் என்ற வரிசையை 2007இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2022இல் மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றமே இருமுறை சொல்ல நேர்ந்ததென்றால் கீழே நடப்பது என்னவென்று சொல்லத் தேவையில்லை.

மும்பையில் ஒருவருக்கு எதிரான வாரண்ட் 2002 ஆகஸ்ட் 12 அன்று ரத்தானது. மூன்று நாள் கழித்து, சுதந்திர தினத்தன்று, அதே வாரண்ட்டைக் காட்டிக் காவல்துறை அவரைக் கைது செய்தது. அவர் ஒரு வழக்கறிஞர்! அவ்வழக்கில் 2011இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு நீதிமன்றமும் வாரண்ட்டுகளுக்குப் பதிவேடு வைக்க வேண்டும், நிறைவேற்றியதையும் ரத்தானதையும் குறிக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. வழக்கறிஞருக்கே இக்கதி என்றால், கன்னடத்தில் வந்த சம்மனைப் படிக்க அண்டை வீட்டாரைத் தேடும் தமிழ்த் தொழிலாளியின் நிலை என்ன?

நிலுவையிலுள்ள வாரண்ட்டுகளை மக்கள் பார்த்தறியப் பொதுவான பட்டியல் எதுவும் இங்கில்லை. நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரையோ, முதல் தகவல் அறிக்கை எண்ணையோ, பதினாறு இலக்க வழக்கு எண்ணையோ இட்டால் அடுத்த வாய்தாவும் அதன் நோக்கமும் தெரியும். வாரண்ட் உத்தரவு இருந்தால் அங்கே தடயம் கிடைக்கும். தளத்தை மட்டும் நம்பியிருக்கலாகாது. நீதிமன்ற அலுவலகத்தில் வழக்கறிஞர் மூலம் கோப்பையே பார்ப்பது நல்லது. வாரண்ட் இருப்பதாகத் தெரிந்தால் ஒளிவதால் பயனில்லை. ஜாமீனில் இருப்பவர் தக்க காரணமின்றி வராமலிருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 269ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறை. வழக்கறிஞருடன் தாமே முன்வந்து, வராததன் காரணம் கூறி, ரத்து மனு அளிப்பதே வழி. கைது செய்ய வருவோரிடம் வாரண்ட்டைக் காட்டக் கேட்பது உரிமை. ஜாமீனில் விடத்தக்கதெனில், குறித்த பிணையைக் கொடுத்ததும் காவலரே விடுவிக்க வேண்டும்.

இதில் இயக்கத்தின் குறையையும் மறைப்பதற்கில்லை. போராட்டம் முடிந்ததும் கொடி சுருட்டப்படுகிறது. வழக்கு மட்டும் தோழரின் பெயரில் தங்கிவிடுகிறது. வேண்டியவர்மீதான வழக்குகளைத் திரும்பப் பெற அமைச்சரவை கூடும்போது, மறியல் செய்த தொழிலாளியின் வழக்கு அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை. அதை ஏற்றும்படி நெருக்குவதும், சம்மனைத் தமிழிலும் வழங்கக் கோருவதும், தினக்கூலியாளருக்கு நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கு கேட்டு மனுச் செய்வதும் கிளைகளின் வேலை. ஒவ்வொரு கிளையும் தன் உறுப்பினர்மீதுள்ள வழக்கு எண்களையும் வாய்தாத் தேதிகளையும் ஒரு நோட்டில் எழுதி, மாதக் கூட்டத்தில் படித்தாக வேண்டும். விடியற்கால ரயிலைப் பிடிப்பவருக்கு முந்தைய நாள் மாலையிலேயே ஒருவர் நினைவூட்ட வேண்டும்.